ஒரே படம், இரண்டு அறிவிப்புகள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் குடும்ப ஆலோசனை மையம் இயங்கிய அறை, அதற்கு முன் உரக்கடையாக இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது யூரியா வாடை முழுவதும் போயிருக்கவில்லை. ஒரு மேசை, ஐந்து நாற்காலிகள், ஒரு பெஞ்சு, ஓங்கித் தட்டினால் மட்டும் பூட்டிக்கொள்ளும் இரும்பு அலமாரி. கோர்ட்டிலிருந்து நடந்து வரும் தூரம். வக்கீலைப் பார்க்க வந்தவர்கள், வக்கீல் சாப்பிடப் போயிருந்தால், எங்கள் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். உட்கார்ந்தவர்களில் சிலர் பேச்சு வளர்ந்து, அழுது முடித்து, வக்கீலைப் பார்க்காமலே பஸ் ஏறிப் போனதும் உண்டு. வக்கீல்களுக்கு எங்கள்மேல் லேசான வருத்தம் இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் சேர்ந்து பதினோரு ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தேன். வீடு ராஜபாளையத்தில். கல்யாணத்துக்கு முன்பு மதுரையில் ஒரு நாளிதழில் பிழை திருத்துநராக இருந்தேன். அஞ்சல் வழியில் சமூகவியல் எம்.ஏ. முடித்திருந்ததால் மையத்தில் எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாதப் பயிற்சியும் கொடுத்தார்கள். குறுக்கே பேசாதே, தீர்ப்புச் சொல்லாதே, ஒருவர் தனியாகச் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் மற்றவரிடம் சொல்லாதே என்பவை பயிற்சியில் கற்றவை. மீதி வேலைக்கு அச்சகப் பழக்கம்தான் கைகொடுத்தது. "எப்பப் பாத்தாலும் அடிக்காரு" என்று ஒரு பெண் சொன்னால், கடைசியாக அடித்தது என்றைக்கு, எந்த இடத்தில், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்பேன். "வீட்டுக்கே வாரதில்ல" என்று ஒரு பையனைப் பற்றிச் சொன்னால், போன வாரம் எத்தனை நாள் வந்தான் என்று கேட்பேன். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும். ஆனால் கிழமையும் இடமும் யோசித்துச் சொல்லும்போது அவர்கள் குரல் இறங்கிவிடும். அதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

மில் வேலைக்குப் போகும் பெண்கள், பேண்டேஜ் துணி நெய்கிற வீட்டுக்காரர்கள், வத்திராயிருப்புப் பக்கத்து விவசாயச் சம்சாரிகள், வழக்குப் பதியாமல் போலீஸ்காரர்கள் எங்களிடம் அனுப்பி வைக்கும் இளவட்டங்கள் என்று பல தரத்தாரும் வந்தார்கள். எல்லாக் குடும்பமும் சேரவில்லை. சேரக் கூடாதவை என்று நானே நினைத்தவையும் உண்டு. ஆனாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அப்போதும் இதைச் சொல்லியிருப்பேன்.

மதுரையில் என் கடைசி இரண்டு ஆண்டுகள் விளம்பரப் பக்கம் என் பொறுப்பில் இருந்தது. அதில் இரண்டு வகை அறிவிப்புகள் வாரம் தவறாமல் வரும். ஒன்று, வீட்டைவிட்டுப் போன பிள்ளையைக் கூப்பிடுவது. எங்கிருந்தாலும் உடனே வரவும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம் என்று இருக்கும். இன்னொன்று, பிள்ளையை வேண்டாம் என்பது. இன்றுமுதல் இவனுக்கும் எனக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை என்று அப்பா அறிவிப்பார். இரண்டிலும் படம் இருக்கும். அந்தப் பிள்ளைகளைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஒற்று விடுபட்டிருக்கிறதா, ஊர்ப் பெயர் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடி மாதம், புதன்கிழமை மதியம் விளம்பர ஏஜெண்ட் மையத்துக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தவர். என் பழைய பத்திரிகைக்கு இந்த வட்டாரத்து விளம்பரங்களை அவர்தான் வாங்கி அனுப்புவார். என்னை மதுரையிலிருந்தே தெரியும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பதற்றமானால் தெலுங்கில்தான் தொடங்குவார்.

"ஏமம்மா" என்றபடி இரண்டு காகிதங்களை மேசையில் வைத்தார். "ரெண்டையும் படிங்க. படிச்சிட்டு, நான் இந்த ஊர்ல கடை நடத்தணுமா வேண்டாமான்னு சொல்லுங்க."

முதல் காகிதம் வக்கீல் அலுவலகத்தில் டைப் செய்தது. "பொது அறிவிப்பு. படத்தில் காணும் என் மகன் கடந்த இரண்டு வருடங்களாகத் தீய சகவாசத்தில் ஈடுபட்டு, நான் பலமுறை புத்தி சொல்லியும் திருந்தாததால், இன்றுமுதல் அவனுக்கும் எனக்கும் என் குடும்பத்தாருக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை" என்று போய், அப்பாவின் கையெழுத்தோடு முடிந்தது.

இரண்டாவது, கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். குண்டு குண்டான கையெழுத்து. "தம்பி, நீ எங்கிருந்தாலும் உடனே வரவும். உன்னை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம். அப்பாவுக்கு உன்மேல் கோபம் இல்லை. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை." கீழே "அம்மா" என்று மட்டும் இருந்தது.

இரண்டிலும் குண்டூசியால் குத்தியிருந்தது ஒரே படம். பதினாறு வயதுப் பையன். எண்ணெய் வைத்து அழுத்தி வாரிய தலை. ஸ்டுடியோக்காரரின் கோட்டு, தோள் இரண்டு விரல் அகலம் வெளியே தொங்கியது.

"அந்தம்மா திங்கக்கெழமை வந்து குடுத்துட்டுப் போச்சு. அவரு செவ்வாக்கெழமை வந்தாரு. ஒருத்தர் குடுத்தது இன்னொருத்தருக்குத் தெரியாது. ரெண்டு பேருமே ஞாயித்துக்கெழமை பேப்பர்ல வரணும்னு சொல்லிட்டாங்க" என்றார் ஏஜெண்ட். "மேல 'வா'ன்னு ஒண்ணு, கீழ 'வராத'ன்னு ஒண்ணு. ஊரு சிரிக்காதாம்மா?"

ஒருவர் கொடுத்ததை இன்னொருவரிடம் காட்டுவது சரியில்லை என்று சொன்னேன்.

"பேப்பர்ல வரப்போறதுதானம்மா? ஊரே பாக்கப்போறத நீங்க நாலு நாள் முன்னாடி பாத்துட்டீங்க" என்றார். இரண்டு காகிதங்களையும் என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு பேப்பருக்கான கவரை அவர் வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் மதுரைக்கு அனுப்ப வேண்டும். அதுவரை நிறுத்தி வைக்கிறேன், இரண்டு பேரிடமும் தனித்தனியாக, மையத்தில் ஒரு தடவை பேசிவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன் என்றார். ஆக, எங்களிடம் இரண்டு நாள் இருந்தது. அதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் ஏஜெண்ட் சொன்னபடி இப்போது பத்தொன்பது வயதான அந்தப் பையன் ஏதோ ஓர் ஊரின் டீக்கடையில் தன் படத்தை இரண்டு இடத்தில் பார்ப்பான். எதை நம்புவான் என்று யோசித்தேன். டைப் அடித்ததைத்தான் நம்புவான் என்று தோன்றியது.

வியாழக்கிழமை காலையில் அம்மா வந்தார். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததாகச் சொல்லி, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னைத் தாயி என்றுதான் கூப்பிட்டார். கணவர் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். பெரியவள் மகள், அடுத்தவன் இந்தப் பையன். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் நின்றுவிட்டான். பஸ் ஸ்டாண்டில் இரண்டு கூட்டாளிகள். போன ஆடித் தேரோட்டத்தன்று கூட்டத்தில் ஒரு கைகலப்பு. மூன்று பேரையும் போலீஸ் கொண்டுபோனது. அப்பா மில்லிலிருந்து காக்கி உடுப்போடு போய்க் கையெழுத்துப் போட்டு மகனைக் கூட்டிவந்தார்.

"அன்னையோட பேச்சு நின்னுபோச்சு தாயி" என்றார் அம்மா.

"யாருக்கும் யாருக்கும்?"

"அப்பனுக்கும் மகனுக்கும். எட்டு மாசம். சண்டையெல்லாம் கெடையாது. 'அவனச் சாப்பிடச் சொல்லு'ம்பாக. அவன் எதுத்தாப்புலதான் உக்காந்திருப்பான். அவனும் அப்படித்தான். 'அப்பா குளிச்சாச்சான்னு கேளும்மா'ம்பான். அவிய காதுல விழும். ஆனா நான் கேட்டாத்தான் பதில் சொல்லுவாக. நடுவுல நான் போஸ்ட்மேன் கணக்கா நிக்கணும்."

"எப்போது போனான்?"

"பங்குனியில. எனக்கு அன்னைக்குக் காச்ச. எந்திரிக்க முடியல, போத்திப் படுத்துட்டேன். அடுப்படியில ஒருத்தரும் கூடத்துல ஒருத்தரும் நிக்காக. கஞ்சி வைக்கக்கூட ஒருத்தர ஒருத்தர் கேக்கல. சாயங்காலம் எந்திரிச்சுப் பாத்தா இவன் பையத் தூக்கிட்டுப் போயிட்டான்."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. காய்ச்சல் வந்ததற்குத் தன்னைத்தான் திட்டிக்கொண்டார்.

அவர் கொடுத்த அறிவிப்பைக் கணவரிடம் காட்டலாமா என்று கேட்டேன்.

"காட்டுங்க. அவிய அடிக்கிற ஆளில்ல. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிருவாக, அம்புட்டுத்தான்."

கணவரும் ஓர் அறிவிப்புக் கொடுத்திருக்கிறார் என்பதை நான் சொல்லவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது. மறுநாள் பதினோரு மணிக்கு வரச் சொன்னேன்.

அன்றே மூன்று மணிக்கு அப்பா வந்தார். முதல் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். காதோர முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. நாற்காலியில் உட்காருமுன் அதன் ஆடுகிற காலைப் பார்த்து, தரையில் கிடந்த அட்டையை மடித்து அதற்கு அண்டை கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். நான் அவருடைய அறிவிப்பை எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலைக் கையில் எடுத்தேன்.

"பெழ பாக்கீகளா மேடம்?"

"ஆமாம். முன்னால் அதுதான் என் வேலை. இரண்டு வருடங்களாக என்று இருக்கிறது. எந்த மாதத்திலிருந்து?"

அவர் யோசித்தார். மில்லில் எந்த மிஷினுக்கு என்றைக்கு எண்ணெய் விட்டோம் என்று எழுதிவைத்தே பழகியவர். "காலேஜுக்குப் போறத நிப்பாட்டுனது போன வருசம் பங்குனி. அதுக்குப் பொறவுதான் அந்தப் பயக சேர்ந்தாங்க. பங்குனி, சித்திர..." என்று விரலை மடக்கினார். "பதினாறு மாசம். அப்ப ரெண்டு வருசம்னு போடக்கூடாது."

அடித்து, பதினாறு மாதங்களாக என்று எழுதினேன்.

"தீய சகவாசம் யார்?"

"ரெண்டு பேரு. ஒருத்தன் இப்பப் பட்டாளத்துல இருக்கான். இன்னொருத்தன் இந்த ஊர்ல சைக்கிள் கடை வச்சிருக்கான்." கொஞ்சம் நிறுத்தி, "நல்லாத்தான் பாக்கான்" என்றார், விருப்பமில்லாமல்.

"பலமுறை புத்தி சொல்லியும் என்று இருக்கிறது. கடைசியாக எப்போது சொன்னீர்கள்?"

அவர் குனிந்து, அண்டை கொடுத்த நாற்காலிக் காலைத் தொட்டுப் பார்த்தார். நான் காத்திருந்தேன். வெளியே கோர்ட்டுப் பக்கம் யாரோ யாரையோ "ஏலே, வாலே, கூப்பிட்டாச்சு" என்று கத்தினார்.

"ஸ்டேசன்லருந்து கூட்டிட்டு வந்தன்னைக்கு" என்று தொடங்கினார். பிறகு, "இல்ல. அன்னைக்குச் சொல்லல. பேசாமத்தான் வந்தோம்" என்றார்.

"அதற்குப் பிறகு?"

"பொறவு பேச்சே கெடையாது."

"அதற்கு முன்னால்?"

"காலேஜுல சேக்கும்போது சொன்னேன். ஒழுங்காப் படின்னேன்."

"அப்படியானால் ஒருமுறை."

'பல'வை அடித்து மேலே 'ஒரு' என்று எழுதி, காகிதத்தை அவர் பக்கம் திருப்பினேன். வாய்விட்டுப் படித்தார். "ஒருமுறை புத்தி சொல்லியும் திருந்தாததால்." இன்னொரு தடவை வாய்க்குள் படித்தார். "இதப் போட்டா சிரிப்பானுக."

எதற்காக இதைப் போட நினைத்தார் என்று அப்புறம்தான் கேட்டேன். மகளுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், தேரோட்டத்தன்று நடந்ததைக் கேள்விப்பட்டு, பையன் எப்படி என்று விசாரித்திருக்கிறார். இவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல், பேப்பரில் போட்டுவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். "நான் பெரியவளுக்காகத்தான் போடுதேன் மேடம். எனக்கு வேற காரணம் இல்ல."

அம்மாவின் தாளை அவர்முன் வைத்தேன். அவர் முதலில் படிக்கவில்லை, எழுத்தைப் பார்த்தார்.

"இது பெரியவ எழுத்துல்லா?"

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும் என்று காலையில் பார்த்திருந்தேன். வேறு யார் எழுதினார்கள் என்று கேட்கத் தவறிவிட்டேன்.

படத்தைத் தொட்டுப் பார்த்தார். பாலிடெக்னிக் விண்ணப்பத்துக்காக எடுத்த படம் என்றார். மூன்று காப்பி போட்டதில் ஒன்று விண்ணப்பத்தோடு போனது. இரண்டு டிரங்குப் பெட்டிக்குள் கவரில் இருந்தன. செவ்வாய்க்கிழமை கவரில் ஒன்றுதான் இருந்தது; இன்னொன்று எங்கே என்று அவர் தேடவில்லை. பிறகு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்துக்கொண்டு வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். "அப்பாவுக்கு உன்மேல் கோபம் இல்லை" என்ற வரி.

"இது தப்பு. நான் அப்படிச் சொல்லவே இல்ல. அடிங்க."

நியாயம்தான். அடித்தேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தேன். வீட்டில் முந்தின இரவே பேசியிருக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அம்மா கணவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "கேட்டீகளா தாயி? பெத்த பிள்ளைய வேண்டாம்னு வக்கீல்ட்ட எழுதிக் குடுத்திருக்காக. எனக்கு ஒரு வார்த்த இல்ல."

"நீ மட்டும் சொல்லிட்டா குடுத்த?" என்றார் அப்பா.

நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்து, ஒரே அறிவிப்பு, உண்மையான தகவல் மட்டும், இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் எழுதுவேன் என்றேன். பயிற்சியில் இப்படி ஒரு முறை சொல்லித்தரவில்லை. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

"அம்மா சாப்பிடுவதில்லைன்னு போடுங்க" என்றார் அம்மா.

"காலையில ஆறு இட்லி" என்றார் அப்பா, சுவரைப் பார்த்து.

"நாலு! அதையும் எண்ணிக்கிட்டா இருக்கீக?"

"ஆறு. சட்டினி ரெண்டு தடவ."

சாப்பிடுவதில்லை என்பதை விட்டுவிட்டோம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம் என்பதையும் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டியது இருக்கிறது என்றார். முக்கால் மணி நேரத்தில் மிஞ்சியது இவ்வளவு: "தம்பி, அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம். நீ வர வேண்டும்." அதன்கீழ் மையத்தின் முகவரி. கீழே யார் பெயர் என்று கேட்டேன். அம்மா என்று போடுங்க, அவிய வேண்டாம்னா விட்ருங்க என்றார் அம்மா. அப்பா தாளைத் தன் பக்கம் திருப்பினார்.

"அப்பான்னுதான் மொதல்ல வரணும். அதுதான முறை" என்றார்.

அப்பா, அம்மா, அக்கா என்று வரிசையாக எழுதினேன். ஏஜெண்ட் வந்து வாங்கிப் படித்துவிட்டு, "ரெண்டு விளம்பரம் ஒண்ணாப்போச்சு. உங்கள மையத்துல சேர்த்தது எந்த மகராசன்மா?" என்று சொல்லிச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் அறிவிப்பு படத்தோடு வந்தது. ஒற்றுப்பிழை இல்லை.

திங்கள் முதல் புதன் வரை யாரும் வரவில்லை. தினமும் பதினோரு மணிக்கு அம்மா வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு ஒரு மணி பஸ்ஸுக்குப் போவார். வியாழக்கிழமை அவர் போன பிறகு, இரண்டு மணி இருக்கும், கைலியை மடித்துக் கட்டிய ஒரு பையன் பேப்பரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். படத்தில் இருந்ததைவிட அரை அடி உயரம்; மீசை வந்திருந்தது. அவன் யாரென்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

"இந்தப் போட்டோவ யாரு குடுத்தா?"

"ஏன்?"

"ஏனா? தோப்புல ஒரு பய என்னையப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டங்கான். கோட்டு, கோட்டுங்கானுவ. 'ஏலே கோட்டு, தண்ணியத் தெறந்து விடுலே'ங்கான். டீக்கடையில வெட்டி ஒட்டிவேற வச்சிருக்காங்க."

செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில், மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பில் இருந்திருக்கிறான். இரண்டு பம்பு செட்டைப் பார்த்துக்கொண்டு, மோட்டார் அறையிலேயே படுக்கை. நான்கு மாதமும் எங்கள் மையத்துக்கு அரைமணி நேர பஸ் தூரத்தில்.

"அப்பாவும் அம்மாவும் கொடுத்தார்கள்" என்றேன்.

"ரெண்டு பேருமா?"

"ஆமாம்."

"சேந்தா?"

"கடைசியில் சேர்ந்து."

உட்கார்ந்தான். பேப்பரை விரித்து, அந்த இடத்தைப் பார்த்தான். "அப்பான்னு அம்மாவே போட்டிருக்கும்."

"அப்பாவிடமே கேட்டுக்கொள். சனிக்கிழமை வருவாயா?"

"வாரேன். ஆனா அவிய என்கிட்டப் பேச மாட்டாக. பாருங்க நீங்களே."

மறுநாள் பெஞ்சுக்கு வந்த அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு மூவரும் வந்தார்கள். அம்மா மகனின் கையைப் பிடித்துப் பார்த்து, இளைத்துவிட்டாய் என்று சொல்லி, கொண்டுவந்த சேவுப் பொட்டலத்தை அவன் மடியில் வைத்தார். அவன் இளைக்கவில்லை. அப்பா நாற்காலியை அரைச் சாண் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எங்க தங்கியிருக்கான்னு கேளு" என்றார் அம்மாவிடம்.

"மோட்டார் ரூம்லன்னு சொல்லும்மா."

"சாப்பாடு?"

"நானே பொங்குதேன்னு சொல்லு."

"பொங்கத் தெரியுமாமா?"

"பழகிட்டேன்னு சொல்லும்மா."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். இப்படி ஆறேழு சுற்றுப் போனது. அம்மா ஒவ்வொன்றையும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிச் சொன்னார், மூன்றடி தூரத்துக்குள். திடீரென்று எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினார்.

"எனக்குத் தொண்ட வலிக்கி. செத்த நேரம் இருங்க. டீ வாங்கிட்டு வாரேன்."

என்னிடமிருந்த தூக்குவாளியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

அப்பா என் பக்கம் திரும்பி, "மேடம், அவன்ட்ட..." என்றார். நான் எழுந்து அலமாரியைத் திறந்து, எனக்கு எதுவும் தேவைப்படாத ஒரு தட்டில் எதையோ தேடினேன். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். இதற்கும் பயிற்சியில் இடமில்லை.

"உன்னைய வேண்டாம்னு எழுதி பேப்பருக்குக் குடுத்தேன்" என்றார் அப்பா. இந்தத் தடவை இடையில் மேடமும் இல்லை, அம்மாவும் இல்லை.

மகன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். "எப்ப?"

"இதுக்கு மொதல்ல. இது பொறவு போட்டது."

"என்னன்னு எழுதியிருந்தீக?"

"பலமுறை புத்தி சொல்லியும் திருந்தலன்னு."

"நீங்க எப்பப்பா சொன்னீக?"

"அதத்தான் இந்த மேடமும் கேட்டாக."

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பையன் சிரித்துக்கொண்டிருந்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தான். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் தள்ளிப் போட்டிருந்த நாற்காலி எப்போதோ பக்கத்தில் வந்திருந்தது.

"என்ன மோட்டாரு?" என்று கேட்டார்.

"ஒண்ணு அஞ்சு ஹெச்.பி. இன்னொண்ணு மூணு. அஞ்சுதான் சூடாகுது. ரெண்டு மணி நேரம் ஓட்டுனா கைய வைக்க முடியல."

"காயிலா?"

"காயில் புதுசு. பேரிங்கும் புதுசுதான் போட்டேன்."

"சத்தம்?"

"சத்தம் இல்ல."

"கிரீஸ் எம்புட்டு வச்ச?"

"கொள்ளுற அளவு. நல்லா அடச்சு வச்சேன்."

"அதாம்லே" என்றார் அப்பா. அவர் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "அடச்சு வச்சா அது எங்க போகும்? உள்ளயே கெடந்து வேகும். மூணுல ஒரு பங்குதான் வைக்கணும். மிச்சம் காலியா இருக்கணும். தொடச்சு எடுத்துட்டு ஓட்டிப் பாரு."

"கழட்டணும்னா பேரிங்க இழுக்குற புல்லர் வேணும். எங்கிட்ட இல்ல."

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "தோப்புக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸு?"

"பதினொண்ணு நாப்பது."

"போற வழியில சைக்கிள் கடையில புல்லர் இருக்கும். உன் கூட்டாளி தருவானா?"

"தருவான்."

இருவரும் எழுந்தார்கள். அப்பா என்னைக் கும்பிட்டார். பையன் சேவுப் பொட்டலத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டான். வாசல்படியில் இறங்கும்போது கிரீஸ் எந்தக் கம்பெனி என்று அப்பா கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

ஐந்து நிமிடத்தில் அம்மா தூக்குவாளியோடு வந்தார். காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"எங்க தாயி? சண்டையா?"

"இல்லை. தோப்புக்குப் போயிருக்கிறார்கள். மோட்டார் சூடாகிறதாம்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

"என்னைய விட்டுட்டா?"

தூக்குவாளியை மேசையில் வைத்து உட்கார்ந்தார். கோபம் போலத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "கல்யாணத்துக்கு வாரேன்னானா?" என்று கேட்டார்.

நான் எழுதியதைத் திரும்பப் பார்த்தேன். பேரிங், கிரீஸ், புல்லர், பஸ் நேரம் எல்லாம் இருந்தன. கல்யாணம் இல்லை.

"அதை யாரும் கேட்கவில்லை" என்றேன்.

"கேக்கலையா? அதுக்குத்தான வந்தோம்!" அம்மா நெற்றியில் தட்டிக்கொண்டார். "இதுக்கும் நான்தான் போகணும். ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு நான் படுத பாடு."

அவர் முகம் மலர்ந்திருந்தது. நான்கு டீயை இரண்டு டம்ளரில் ஊற்றி ஆளுக்கு இரண்டாகக் குடித்தோம். அடுத்த செண்பகத்தோப்பு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஒன்றரைக்கு என்றேன். அதுவரை பெஞ்சில் படுத்துக் கொஞ்சம் தூங்கிக்கொள்ளலாமா என்றார். தாராளமாக என்றேன். அன்றைக்கு வேறு யாரும் வரவில்லை.